மாமல்லபுரம் போயும் ஒண்ணுமே தோணல, எனக்கு மட்டும்தான் இப்படியா?

மொட்டைமாடி:
போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட மாமல்லபுரம் போனோம். அர்ச்சுனன் தபசுன்னு சொல்ற அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னாடி நின்னு பத்து போட்டோ எடுத்தாச்சு, கைடு "ஏழாம் நூற்றாண்டு, பல்லவர், யுனெஸ்கோ"னு மனப்பாடமா ஒப்பிச்சாரு, நானும் தலையாட்டிட்டே இருந்தேன், ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணுமே நடக்கல. ஸ்கூல் டூர்ல வந்தப்ப அந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அடியில நின்னுட்டு, உருண்டு வந்துருமோனு அலறி ஓடினவன் நான். இப்ப அது வெறும் கல்லு. எட்டு வயசுப் பொண்ணு வேற ஐஸ்க்ரீம் எப்பனு நச்சரிச்சுட்டே இருந்தா, அவளை என்ன சொல்றது. அந்தப் பழைய மனசு திரும்ப வர என்ன பண்ணணும்? வரலாறு படிச்சுட்டுப் போகணுமா?

சோடாபுட்டி:
பூனையைப் பார்த்தீங்களா?

மொட்டைமாடி:
எந்தப் பூனை??

சோடாபுட்டி:
அதானே. அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு வலது பக்கம் ரெண்டு பெரிய யானை நிக்குதுல்ல, அதுங்க பக்கத்துல கீழ பாருங்க. ஒரு பூனை முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல தூக்கிட்டு தவம் பண்ணுது, சுத்தி எலிங்க. அப்புறம் அப்படியே இடது பக்கம் மேல பாருங்க, தாடியும் எலும்புமா ஒரு முனிவர் ஒத்தக்கால்ல நின்னு கையைத் தூக்கிட்டிருக்காரு, பக்கத்துல சிவன். மேல நிஜத் தவசி, கீழ ருத்திராட்சப் பூனை! ராஜா செலவுல இவ்ளோ பெரிய வேலை நடக்கும்போது எவனோ ஒரு சிற்பிக்கு இந்தக் குசும்பு தோணியிருக்கு பாருங்க. நான் நாலு தடவை போய் அஞ்சாவது தடவைதான் கண்டுபிடிச்சேன், அன்னைக்கு ஒரு மணி நேரம் நகரல. பின்னங்காலால மூக்கைச் சொறியற மான் ஒண்ணு, குளிச்சுட்டு துணி பிழியற ஆளு ஒருத்தன், எல்லாம் அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு.

கல்லுளி:
சோடாபுட்டி சொல்றது சரிதான், ஆனா கதை தெரியாம பார்த்தா அது வெறும் கார்ட்டூன்தான் சார். மகாபாரதம் உத்தியோக பருவத்துல துரியோதனன், சகுனி மகன் உலூகன்கிட்ட தருமனுக்குத் தூது சொல்லி அனுப்பறான். கங்கைக்கரையில கையைத் தூக்கிட்டு தவம் பண்றமாதிரி நடிச்சு, நம்பி வந்த எலிங்களை ஒவ்வொண்ணா தின்ன பூனை மாதிரிதான் நீயும்னு வசை. இப்ப பாறை நடுவுல இருக்கற பிளவைப் பாருங்க, உள்ள நாகராஜாவும் நாகினியும் கைகூப்பிட்டு இருக்காங்க, உச்சியில தண்ணித் தொட்டி கட்டின தடயம் இருக்கு, அதனால அதுதான் கங்கை, தவம் பண்றது கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதன்னு ஒரு கட்சி. இல்ல, சிவன்கிட்ட பாசுபத அஸ்திரம் வாங்கப் போன அர்ச்சுனன்தான்னு இன்னொரு கட்சி. ரெண்டும் பொருந்தட்டும்னு வேணும்னே செஞ்சதா சொல்ற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. என் ஓட்டு பகீரதனுக்கு. ஆனா பூனை எந்தக் கட்சின்னு கேட்டா ரெண்டுலயும் இருக்கு, கங்கைக்கரையும் இருக்கு பாண்டவர் கதையும் இருக்கு. இயற்கையா விழுந்த ஒரு வெடிப்பைப் பார்த்துட்டு இது ஆறுன்னு ஒருத்தனுக்குத் தோணிச்சே, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

சுண்டல்வண்டி:
இவ்ளோ பேச்செல்லாம் பொண்ணுகிட்ட சொன்னீங்கனா திரும்ப ஐஸ்க்ரீம்தான் கேப்பா. நாங்க பசங்களைக் கூட்டிட்டுப் போனா எதுவுமே சொல்றதில்ல, எலி மொத்தம் எத்தனைனு எண்ணச் சொல்லுவோம், தோத்தவங்க மாங்கா வாங்கித் தரணும். போன தடவை நான்தான் தோத்தேன், சின்னவன் யானைக்கு அடியில குட்டிங்க இருக்குனு அதையும் எண்ணிட்டு வந்து சண்டை போட்டான். கைடை மட்டும் கடைசியில கூப்பிடுங்க.

மொட்டைமாடி:
அன்னைக்கு எடுத்த போட்டோவை எல்லாம் நேத்து ஜூம் பண்ணிப் பார்த்தேன், பூனை இருக்குங்க!! அதுக்கு நேர் முன்னாடி நின்னுதான் நான் செல்ஃபி எடுத்திருக்கேன், பாதிப் பூனை என் தோளுக்குப் பின்னாடி. பொண்ணுகிட்ட கதையைச் சொன்னேன். ஸ்கூலுக்குக் கிளம்பாம ஹால்ல ஒத்தக்கால்ல கையைத் தூக்கிட்டு நிக்கறா, எலி யாருடினு கேட்டா என்னைக் காட்டறா.