போனைத் திருப்பினா மூணு கட்டத்திலயும் 8.3 வருது, ஏன்?

கேள்வி:
வணக்கம். நாமக்கல் பக்கம் எங்க ஊர் பால் சொசைட்டியில என் மாமாதான் காலையில பால் அளக்கிறார். அவருக்காகக் கோட்லின்ல ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் எழுதியிருக்கேன். உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அடிச்சா தொகை வரும்.

முந்தாநேத்து ஒரு பாட்டி 3.5 லிட்டர் ஊத்தினாங்க. கொழுப்பு 4.4, எஸ்என்எஃப் 8.3. மாமா எல்லாத்தையும் அடிச்சிட்டு, பாட்டிக்குப் பெருசாத் தெரியட்டும்னு போனைப் படுக்கவாட்டில திருப்பிக் காட்டினார். திருப்பினதும் மூணு கட்டத்திலயும் 8.3! தொகையும் ஏறிப்போச்சு. ஒத்த மாட்டுக்கு எட்டு லிட்டரான்னு மாமா சந்தேகப்பட்டதால தப்பிச்சோம். உறுப்பினர் எண் மட்டும் மாறாம 14-னே நிக்குது.

திருப்பினா அடிச்சது அழிஞ்சுபோகுதுன்னு நிறையப் பேர் எழுதியிருக்காங்க. எனக்கு அழியல, தப்பா வருது. அதான் பயமா இருக்கு. பால் ஊத்துறவங்க காசு இது.

பதில் 1:
மேனிஃபெஸ்ட்ல (ஆப்போட அமைப்பு ஃபைல்) போர்ட்ரெய்ட்னு, அதாவது நிமிர்ந்தே நிக்கிற மாதிரி, லாக் பண்ணிடுங்க. திரும்பவே திரும்பாது.

கேட்டவர்:
அண்ணா, படுக்கவாட்டுக்குன்னே பெரிய எழுத்துல தனி லேஅவுட் போட்டிருக்கேன். கண்ணாடி இல்லாம வர்றவங்களுக்கு அதுதான் வசதி. அதை எடுக்க மனசு வரல.

பதில் 2:
எடுக்காதீங்க. லாக் பண்ணினாலும் முழுசா நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு 16-ஐ டார்கெட் பண்ணினா, சின்ன பக்கமே 600 டிபிக்கு (ஆண்ட்ராய்டு திரையை அளக்கிற அலகு) குறையாத பெரிய திரைகள்ல அந்த லாக்கை சிஸ்டமே கண்டுக்காது.

உங்க கோளாறு எங்கேன்னு அந்த 14 சொல்லுது. லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் மூணுக்கும் ஒரே வரிசை எக்ஸ்எம்எல்லை (திரை அமைப்பு எழுதின ஃபைல்) மூணு தடவை இன்ஃப்ளேட் பண்ணியிருப்பீங்க, அதாவது அதிலிருந்து திரையில உருவாக்கியிருப்பீங்க. உள்ளே இருக்கிற எடிட்டெக்ஸ்ட் (எண் அடிக்கிற கட்டம்) மூணுக்கும் ஒரே ஐடி. போன் திரும்பும்போது ஆக்டிவிட்டியை (ஆப்போட அந்தத் திரையை) சிஸ்டம் அழிச்சுப் புதுசா உருவாக்கும். அழிக்கும் முன்னாடி ஒவ்வொரு வியூவும் (திரையில இருக்கிற கட்டம் மாதிரி உறுப்பு) தன் நிலையை ஐடி போட்டு ஒரே பட்டியல்ல எழுதி வைக்கும். 3.5 எழுதின இடத்துலயே 4.4 விழும், அதுக்கு மேல 8.3 விழும். திரும்ப எடுக்கும்போது மூணும் அதே ஐடியைக் கேட்கும், மூணுக்கும் 8.3 கிடைக்கும். உறுப்பினர் எண்ணுக்குத் தனி ஐடி, அதனால தப்பிச்சிருக்கு.

ரெஸ் ஃபோல்டர்ல ஐடிஸ் எக்ஸ்எம்எல் ஃபைல்ல மூணு ஐடி எழுதி, இன்ஃப்ளேட் பண்ணினதும், திரை உருவாகும்போது ஓடுற ஆன்கிரியேட்லயே ஒவ்வொண்ணுக்கும் வைங்க. ஐடியைத் தானா உண்டாக்குற ஜெனரேட்வியூஐடி வேண்டாம். அது ஒவ்வொரு தடவையும் புது எண் தரும், பழைய நிலையோட பொருந்தாது.

இன்னொண்ணு. அன்னைக்கு அளந்த மொத்தப் பட்டியலும் எங்கே இருக்கு? ஆக்டிவிட்டிக்குள்ள வேரியபிளா?

கேட்டவர்:
ஐயோ, ஆமாண்ணா. ஒரே எக்ஸ்எம்எல்தான், மூணு தடவை. ரெண்டு நாளா வேற எங்கெங்கேயோ தேடிட்டிருந்தேன். பட்டியல் வியூமாடல்ல (திரை அழிஞ்சு புதுசா வந்தாலும் தரவைப் பிடிச்சு வெச்சிருக்கிற பகுதி) இருக்கு. அது போதும்தானே?

பதில் 2:
திருப்புறதுக்குப் போதும். ஆனா மாமாவுக்கு நடுவுல போன் வரும், பேசிட்டு வாட்ஸ்அப் பார்ப்பார். மெமரி குறைஞ்ச போன்ல அந்த இடைவெளியில சிஸ்டம் உங்க ப்ராசஸையே (பின்னால ஓடிட்டிருக்கிற ஆப்பையே) கொன்னுடும். வியூமாடல் அதோட போயிடும். அளந்து முடிச்ச ஒவ்வொரு வரியையும் அந்த நிமிஷமே போன்லயே சேமிக்கிற ரூம் டேட்டாபேஸ்ல எழுதிடுங்க. பாதி அடிச்ச மூணு எண்ணும் எடிட்டெக்ஸ்ட்லயே பத்திரமா இருக்கும். எந்த உறுப்பினர் ஓடிட்டிருக்கார்ங்கிற மாதிரி சின்ன விஷயத்துக்கு சேவ்ட்ஸ்டேட்ஹேண்டில், சின்ன நிலையை சிஸ்டம்கிட்ட கொடுத்து வைக்கிற வசதி அது. மொத்தப் பட்டியலையும் அதுல திணிக்காதீங்க. சிஸ்டத்துக்கு அனுப்புற அந்தப் பொட்டலத்துக்கு 1 எம்பிதான் இடம், அதையும் அந்த ப்ராசஸ்ல அப்போ நடக்கிற மத்த பரிமாற்றங்களோட பங்கு போடணும்.

சோதிக்க: பாதி அடிச்சதும் ஹோம் அமுக்கி, போனை இணைச்ச கம்ப்யூட்டர்ல adb shell am kill-னு அடிச்சு, பக்கத்துல ஆப்போட பேக்கேஜ் பேரைக் கொடுங்க. பிறகு ரீசன்ட்ஸ்ல போய்த் திறங்க. ரீசன்ட்ஸ்ல தள்ளி மூடிப் பார்க்காதீங்க, அப்படித் தள்ளினா சேமிச்ச நிலையும் போயிடும்.

கேட்டவர்:
நேத்து ராத்திரியே மாத்திட்டேன். 3.5, 4.4, 8.3 அடிச்சு இருபது தடவையாவது திருப்பியிருப்பேன், அசையல. கில் பண்ணித் திறந்தப்பவும் மூணும் அதுஅது இடத்துல இருந்துது. தொகைதான் காலியா வந்துது. அது டெக்ஸ்ட்வியூ (காட்ட மட்டும் செய்யுற எழுத்து), தன் எழுத்தைத் தானா சேமிக்காதுன்னு அப்புறம்தான் உறைச்சது. இப்போ மூணு எண்ணையும் வெச்சுத் திரும்பக் கணக்குப் போட விட்டிருக்கேன்.

இன்னைக்குக் காலையில மாமா அளந்தார். நானும் பக்கத்துல நின்னேன். ஒவ்வொருத்தர் முறைக்கும் போனைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். பாட்டி வந்தப்போ 3.8 லிட்டர். திருப்பினார், 3.8-தான் நின்னுது.