கிராப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்': 22 நிமிடமும் கேட்கத்தான் வேண்டுமா?

வள்ளியூர்க்காரன்:
வாரந்தோறும் திருநெல்வேலியிலிருந்து ஊருக்குப் பேருந்தில் திரும்புகிறவன் நான். ஜெர்மானிய இசைக்குழுவான கிராப்ட்வெர்க் 1974இல் வெளியிட்ட 'ஆட்டோபான்' (ஜெர்மன் மொழியில் அதிவேக நெடுஞ்சாலை) இசைத்தட்டைப் பலரும் புகழ்வதால், நாங்குநேரி சுங்கச்சாவடி தாண்டியதும் கேட்கத் தொடங்கினேன். கார்க் கதவு சாத்தும் ஓசை, இஞ்சின் உறுமல், ஹாரன் என்று ஆரம்பித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தவன், பிறகு ஒரே தாளம் சுற்றிச் சுற்றி வரவே கண்ணயர்ந்துவிட்டேன். வள்ளியூரில் நடத்துநர் தட்டி எழுப்பியபோதும் 22 நிமிடம் ஓடும் முதல் பாடலான 'ஆட்டோபான்' முடிந்தபாடில்லை. நான் எதைத் தவறவிட்டேன்?

பேட்டைவாசி:
நீங்கள் தூங்கியதில் தவறில்லை, அண்ணாச்சி. நான்குவழிச் சாலையில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கே கண் சொக்கும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் அந்தப் பாடலில் தாளம் மாறாது. சக்கரம் மாறாமல் சுழல, ஜன்னலுக்கு வெளியே காட்சிதான் மாறும். அதில் ஒலிக்கும் மினிமூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே எழுப்பக்கூடியது என்பதால், ஒவ்வொரு இழையையும் தனித்தனியே வாசித்துப் பதிந்து அடுக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு: பயணி கார் வானொலியைத் திருப்புவதாக வரிகள் சொல்ல, அதிலிருந்தும் இதே பாட்டுத்தான் ஒலிக்கிறது. அமெரிக்க வானொலிக்காக ஏறக்குறைய மூன்றரை நிமிடமாக வெட்டிய வடிவம் 1975இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 25ஆம் இடம் வரை ஏறியது. அதில் மெட்டு இருக்கிறது, பயணம் இல்லை.

தாமிரக்கரை:
முந்தையவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 'ஆட்டோபான்' முழுக்க மின்னணு இசை அன்று. புல்லாங்குழலும் கிதாரும் அதில் கேட்கின்றன. இயந்திரத்தையே கேட்க வேண்டுமானால் அதே குழு 1977இல் ஐரோப்பிய ரயிலின் பெயரில் வெளியிட்ட 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' தட்டை எடுங்கள். அதன் தலைப்புப் பாடலை அடுத்து இரும்பில் இரும்பு மோதும் பகுதி வரும்போது, திருச்செந்தூர் பாசஞ்சர் பாளையங்கோட்டைக்கு முன்பாகத் தாமிரபரணிப் பாலத்தில் ஏறியதும் பெட்டிக்கு அடியில் கிளம்பும் தடதடப்பே என் நினைவுக்கு வரும். அந்தத் தலைப்புப் பாடலின் மெட்டைத்தான் 1982இல் நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர் ஆப்ரிக்கா பம்பாட்டா 'பிளானட் ராக்' பாடலுக்கு எடுத்துக்கொண்டார்.

வள்ளியூர்க்காரன்:
இருவருக்கும் நன்றி. அடுத்த முறை மூன்றடைப்பிலேயே பாட்டைத் தொடங்கிவிடுகிறேன். அப்போதும் முடியாவிட்டால் பணகுடி வரை சீட்டு எடுத்துக்கொள்வேன்.