மறு: ‘பிளாக் ஸ்கிரீன்’ என்பதற்கு ஒரு சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

பழைய விளையாட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பதற்கான நம் சொற்பட்டியலில் ‘பிளாக் ஸ்கிரீன்’ என்பதற்குக் கருந்திரை, இருள்திரை, பாழ்திரை என மூன்று சொற்கள் இந்த இழையில் வந்துவிட்டன. எது காதுக்கு இனிமை என்பதில் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாம் பெயர் வைக்கப்போவது ஒரு நிலைக்கா, இரண்டு நிலைகளுக்கா? இரண்டு என்பது என் கட்சி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இசட்80 செயலியும் டிஎம்எஸ்9918ஏ காட்சிச் சில்லும் வைத்து ஒரு சிறு கணினியை நானே பற்றவைத்தேன். டிஐ-99/4ஏ-யிலும் முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸ் கணினிகளிலும் படம் காட்டியது இந்தச் சில்லின் குடும்பம்தான். மின்சாரம் கொடுத்தேன், திரை கருப்பு. அனுபவமுள்ள நண்பர் ஒருவரிடம் “திரை கருப்பாவே இருக்கு” என்றேன். “அப்போ காட்சிச் சில்லையும் படிகத்தையும் பாருங்க” என்றார். சில்லை மாற்றினேன். அதற்குத் துடிப்பு கொடுக்கும் 10.738635 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். இரண்டு மாலைகள் போயின.

கடைசியில் பார்த்தால், செயலிக்கான கட்டளைகள் பதிந்திருக்கும் 27சி256 ரோம் சில்லின் 11ஆம் கால் சாக்கெட்டுக்குள் இறங்காமல் சில்லின் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் 28 கால்களும் ஒழுங்காக உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்த பிறகே ஓர் இடைவெளி கண்ணில் பட்டது. அந்தக் கால் டி0, அதாவது ஒவ்வொரு பைட்டின் கடைசி பிட்டும் வரும் வழி. அது தொங்கிக்கொண்டிருந்தால் செயலி படிக்கும் எந்தக் கட்டளையையும் நம்ப முடியாது.

காட்சிச் சில்லில் ஒரு குறையும் இல்லை. மீட்டமைத்ததும் அதன் 0, 1 பதிவகங்கள் (சில்லின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்கள்) சுழியாகிவிடும். 1ஆம் பதிவகத்தில் படத்தை மறைத்துவைக்கும் பிட் ஒன்று உண்டு. செயலி வந்து அதை 1 ஆக்கும்வரை சில்லு பின்னணி நிறத்தை மட்டும் காட்டும். படம் எங்கே தொடங்குகிறது என்று தொலைக்காட்சிக்குச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்புகளையோ யாரும் சொல்லாமலே அனுப்பிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியும் அதைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நிற்கும். நான் பார்த்த கருப்பு இது. நண்பர் மனதில் இருந்தது ‘சிக்னல் இல்லை’ என்று தொலைக்காட்சியே எழுதிக் காட்டும் கருப்பு. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னோம், வெவ்வேறு பழுதைத் தேடினோம்.

அதனால் என் முன்மொழிவு இது. குறிகை (சிக்னல்) எதுவுமே வராத நிலைக்கு வெறுந்திரை. ஒத்திசைவு வந்தும் படம் வராத நிலைக்கு ஊமைத்திரை.

ஊமை ஏன் என்றால், தமிழில் ஊமைக்காயம் என்கிறோம், வெளியே தெரியாமல் உள்ளே வலிக்கும் காயம். ஊமை வெயில் என்கிறோம், சூரியன் தெரியாது, ஆனால் புழுங்கும். உள்ளே ஒன்று நடக்கிறது, வெளியே காட்டவில்லை என்ற பொருளை இந்த முன்னொட்டு ஏற்கெனவே சுமக்கிறது. நமக்கு வேண்டியதும் அதேதான். ஒரு மனிதரைக் குறித்துச் சொல்லும்போது அது புண்படுத்தும் சொல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குழுவில் யாருக்காவது உறுத்தினால் ‘பேசாத்திரை’ என்று வைத்துக்கொள்ளலாம், மனதார ஒப்புக்கொள்வேன். பாழ்திரை மட்டும் வேண்டாம். அதைக் கேட்பவர் தொலைக்காட்சிதான் பாழாகிவிட்டது என்று நினைப்பார்.

விளக்கக் குறிப்பில் இரண்டு எச்சரிக்கைகள் கட்டாயம் வேண்டும். இடையில் பழைய குறிகையை எச்டிஎம்ஐ-ஆக மாற்றும் கருவி (மாற்றி) இருந்தால், கணினியிலிருந்து எதுவும் வராதபோதும் அது தானாக நீலத்தையோ கருப்பையோ அனுப்பிக்கொண்டிருக்கலாம். அப்போது வெறுந்திரையும் ஊமைத்திரை போலத் தெரியும். எனவே மாற்றியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது இதற்கு நேர்மாறு. என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சித் தரத்தில் ஒரு புலத்துக்கு (திரையை ஒருமுறை மேலிருந்து கீழே வரைவதற்கு) 262.5 வரிகள், இந்தச் சில்லு அனுப்புவது 262. சில புதிய தொலைக்காட்சிகள் இதை ஏற்காமல் ‘சிக்னல் இல்லை’ என்றுவிடும். கணினி நலமாகவே இருக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்று கிடைத்தால் ஒரே நிமிடத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கொமடோர் 64 கணினி பற்றிக் கேட்டிருந்த நண்பருக்கு: எந்த முகவரிக்கு எந்தச் சில்லு பதில் சொல்ல வேண்டும் என்று பிரித்துவிடும் அதன் பிஎல்ஏ சில்லு போனால் வருவது பெரும்பாலும் ஊமைத்திரை. ஆனால் எதையும் சோதிக்கும் முன் மின்வழங்கியை அளந்துவிடுங்கள். வயதான மின்வழங்கியில் 5 வோல்ட் மேலே ஏறி நினைவகச் சில்லுகளைக் கொன்றுவிடும்.

அப்புறம், இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி இந்த இரண்டு சொற்களுக்குள்ளும் அடங்காது. அதன் யூஎல்ஏ சில்லு 16384ஆம் முகவரியிலிருந்து 6912 பைட்டுகளை நேராக எடுத்துத் திரையில் போடுகிறது. செயலி ஓடாவிட்டால், மின்சாரம் வந்த நொடியில் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அது கோடுகளாகவும் கட்டங்களாகவும் தெரியும். என் பலகையில் ஊமைத்திரையைக் கொடுத்த அதே பழுது அங்கே வேறு முகம் காட்டும். ஆகவே நம் சொற்கள் அறிகுறியைத்தான் சொல்கின்றன, காரணத்தை அல்ல என்று குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அந்த மூன்றாவது நிலைக்குக் கலங்கல்திரை என்று யோசித்தேன். கலங்கிய தண்ணீரில் அடி தெரியாத மாதிரி, என்ன இருக்கிறது என்று படிக்க முடியாத திரை. ஏரியில் உபரிநீர் வழியும் இடத்துக்கும் கலங்கல் என்ற பெயர் உண்டு, ஆனால் ‘திரை’ சேர்ந்தபின் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். சந்தியில் ‘கலங்கற்றிரை’ என்றாக வேண்டுமே என இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கலாம். பற்றவைப்புக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்குப் பிரித்து எழுதினால்தான் சட்டென்று புரியும். இதில் மட்டும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், சரி என்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.