பலகையில் பட்டுத் திரும்பும் பந்து: மில்வாக்கி வேவ் கழகத்தோடு எங்கள் அனுபவங்கள்

புரூக்ஃபீல்டிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரின் உள்ளரங்கக் கால்பந்துக் கழகமான மில்வாக்கி வேவின் ஆட்டங்களுக்குச் சென்று வந்தவர்கள், அங்கே தங்களுக்கு நேர்ந்த சந்திப்புகளை எழுத வேண்டும் என்ற விருப்பத்தில் இதைத் தொடங்குகிறேன். 1984இல் தோன்றிய இந்தக் கழகம்தான் அமெரிக்காவில் இடைவிடாது இயங்கிவரும் தொழில்முறைக் கால்பந்து அணிகளில் மிகப் பழமையானது என்பது, பத்தாண்டுகளாக இந்த ஊரில் வாழும் எனக்கே அண்மையில்தான் தெரியவந்தது.

ஒரு குளிர்காலத்தில் என் அம்மா எங்களோடு தங்கியிருந்தார். மிச்சிகன் ஏரியிலிருந்து வீசும் காற்றுக்கு அஞ்சி வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்து சலித்துப்போயிருந்தவரை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டுமென்றுதான் கில்போர்ன் அவென்யூவில் உள்ள பாந்தர் அரினாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கினேன். கால்பந்து என்றால் பச்சைப் புல்வெளியும் 22 பேரும் என்றே நானும் நினைத்திருந்தேன். அங்கே கண்டதோ ஐஸ் ஹாக்கித் தளத்தின் அளவில், ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட செயற்கைப் புல்தரை. அதைச் சுற்றி இடுப்பளவுப் பலகைச் சுவரும், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பும். கோல் காப்பாளரையும் சேர்த்து அணிக்கு ஆறு பேர் ஆடுகிறார்கள். 15 நிமிடங்கள் வீதம் நான்கு பகுதிகள். பலகையில் பட்ட பந்து வெளியே போனதாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால் ஆட்டம் நிற்பதே இல்லை.

முதல் பகுதி முடிவதற்குள் அம்மாவுக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது. சிறு வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேரம் ஆடி அண்ணன் தம்பிகளைத் தோற்கடித்தவர் அவர். ஒரு வீரர் எதிரணிக்காரரைத் தாண்ட வழியில்லாமல் நின்றபோது, "பலகையில அடிச்சு அந்தப் பக்கம் போய் அவனே வாங்கிக்குவான், பாரு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்படியே நடந்தது. எத்தனையோ ஆண்டுகளாகக் கால்பந்து பார்க்கும் எனக்கு அந்தக் கோணம் கண்ணில் படவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வரிசையாக நின்று கையொப்பமிட்டார்கள். குழந்தைகளுக்குப் பின்னால் தயங்கி நின்ற அம்மாவைப் பார்த்த பிரேசில் நாட்டு வீரர் ஒருவர், அவரது இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, குளிர் தாங்க முடிகிறதா என்று என் மூலமாகக் கேட்டார். தானும் வெயில் நாட்டுக்காரன்தான், முதல் ஆண்டு தனக்கும் மிகவும் கடினமாக இருந்தது என்றார். அம்மா அவருக்குத் தமிழிலேயே பதில் சொன்னார்; அவரும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

வாவடோசாவிலிருந்து:

அண்ணா, அம்மா கண்டுகொண்டதை என் மகனுக்குக் கற்றுத்தர எனக்கு ஓராண்டு பிடித்தது. அவன் பன்னிரண்டு வயதுக் கோல் காப்பாளன். பந்து பலகையில் பட்டு வரும்போதெல்லாம் ஏமாந்துபோவான். ஒருநாள் கையொப்ப வரிசையில், தோற்ற களைப்போடு நின்ற வேவ் கோல் காப்பாளரிடம் அவனே இதைச் சொல்லிவிட்டான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பந்தைத் துரத்திப் பார்க்காதே, அது பலகையில் படப்போகும் இடத்தைப் பார், உன் கால்கள் அதற்கு முன்பே நகர்ந்திருக்க வேண்டும் என்று தன் பாதங்களை வைத்தே காட்டினார். பின்னால் நின்ற எவரும் முணுமுணுக்கவில்லை. நீல அட்டை பெற்ற வீரர் இரண்டு நிமிடங்கள் வெளியே அமர, அவரது அணி ஒருவர் குறைவாக ஆடும் அந்த நேரத்தில் காப்பாளரின் கால்களை மட்டும் கவனியுங்கள். எனக்கு அதுவே ஆட்டத்தின் மிக அழகான பகுதி.

வெஸ்ட் ஆலிஸிலிருந்து:

தம்பிகள் இருவரும் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். 1990களின் நடுவில் இவ்வூருக்கு வந்த நான் பார்த்த வேவ் வேறொரு கட்டடத்தில் இருந்தது. 1988இல் திறக்கப்பட்ட பிராட்லி சென்டரில் அப்போது ஆடினார்கள். 18,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த மாபெரும் அரங்கில் சில ஆயிரம் பேர் சேர்ந்து கத்தினாலும் ஒலி கூரைக்குப் போய்க் கரைந்துவிடும். 2003இல் கழகம் தான் பிறந்த பழைய அரங்குக்கே, அதாவது இன்றைய பாந்தர் அரினாவுக்கே, திரும்பியபோது, இறங்குமுகம் என்று வருந்தியவர்களுள் நானும் ஒருவன். நான் நினைத்தது முற்றிலும் தவறு. 1950இல் கட்டப்பட்ட இந்த அரங்கில் இருக்கைகள் தளத்தை நெருங்கி நிற்பதால், பலகையில் வீரர் மோதும் ஓசை நம் நெஞ்சில் கேட்கிறது.

அந்நாளில் கோல்களுக்கு 2 புள்ளி, தொலைவிலிருந்து அடித்தால் 3 புள்ளி என்று கணக்கிட்டார்கள். பின்னர் எல்லாக் கோலுக்கும் ஒன்று என்று மாற்றினார்கள். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. வேவ் ஆடும் லீகின் பெயரும் பலமுறை மாறிவிட்டது. எத்தனையோ நகரங்களின் அணிகள் இதற்கிடையில் மூடப்பட்டன, சில மறுபடி முளைத்தன. வேவ் மட்டும் நின்றது. கீத் டோசர் 1992 முதல் 2014 வரை பயிற்றுநராக இருந்த காலத்தில் 1998, 2000, 2001, 2005, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் ஆறு பட்டங்கள் கிடைத்தன. அவருக்குப் பின் வந்த, முன்பு இதே அணிக்கு ஆடிய கனடாக்காரர் ஜூலியானோ ஒலிவியேரோவின் பயிற்சியில் 2019இல் ஏழாவது.

பட்டங்களால் மட்டும் ஓர் அணி இத்தனை காலம் தாங்காது. இந்த ஊரில் கால்பந்தை வளர்த்தவர்கள் குடியேறிகள். 1922இல் தொடங்கிய குரோவேஷியன் ஈகிள்ஸ், 1929இல் தொடங்கிய பவேரியன் போன்ற கழகங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு பிப்ரவரி இரவில் என் வண்டி பனியில் சிக்கிக் கிளம்ப மறுத்தபோது, பக்கத்து இருக்கையில் பல பருவங்களாக அமர்ந்துவந்தும் பெயர்கூடக் கேட்டிராத முதியவர் ஒருவர் தன் மகனை அழைத்து வண்டியைத் தள்ளவைத்தார். அவருடைய தந்தை அந்தப் பழைய கழகங்களுள் ஒன்றில் ஆடியவராம். வந்த புதிதில் தன் தந்தையிடம் யாரும் பேசாத காலத்தில் பந்துதான் அவருக்கு மொழியாக இருந்தது என்று, என் வண்டியின் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பருவம் முடிவதற்குள் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. மீண்டும் அரங்குக்குப் போன அன்று நான் முதலில் தேடியது அவருடைய மஞ்சள் கழுத்துத்துணியைத்தான். இருந்தார், ஆனால் கைத்தடியோடு. இப்போது படிகளில் அவருக்குக் கை கொடுப்பது என் வேலை.

வாக்கிஷாவிலிருந்து:

நாங்கள் இன்னும் போனதில்லை. ஐந்து வயது இரட்டையரோடு வந்தால் எங்கே அமர்வது நல்லது?

புரூக்ஃபீல்டிலிருந்து:

முன்வரிசையை வாங்காதீர்கள். பலகைச் சுவர் குழந்தைகளின் பார்வையை மறைத்துவிடும். மூலைப் பக்கமாகப் பத்தாவது வரிசையை ஒட்டி எடுத்தால், பந்து பலகையில் பட்டுத் திரும்பும் கோணம் முழுமையாகத் தெரியும். அட்மிரல்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கும் அதே அரங்குதான், ஆகையால் உள்ளே சற்றுக் குளிரும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டு அழைத்து வாருங்கள். டிசம்பரில் என் அம்மா மறுபடி வருகிறார். எங்களுக்கு வேண்டிய நான்கு இருக்கைகளையும் அந்த மூலையிலேயே எடுக்கப்போகிறேன். உங்களுக்கும் சேர்த்து வாங்க வேண்டுமானால் சொல்லுங்கள்.