வி3 வந்தாலே பாஸிவ் வாய்ஸா?

கானாடுகாத்தான் தம்பி:
பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு. கூடத்துத் தரையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு அட்டை எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: ‘தி டைல்ஸ் மேட் இன் ஆத்தங்குடி வேர் லெய்ட் இன் திஸ் ஹால்.’ இதில் எது பாஸிவ், அதாவது செயப்பாட்டு வினை? வி3 (வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம்) வந்தால் பாஸிவ் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ‘மேட்’, ‘லெய்ட்’ இரண்டும் வி3தானே? ‘ஹி ஹாஸ் லாக்ட் தி டோர்’ என்பதிலும் வி3 இருக்கிறது. ஆனால் பூட்டியவன் முன்னாலேயே நிற்கிறான், அதைப் பாஸிவ் என்று சொல்ல மனசு வரவில்லை.

தேவகோட்டை வாத்தியார்:
மனசு சொன்னது சரிதான் தம்பி. வி3ஐ மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். ஹேவ், ஹாஸ், ஹேட் மட்டும் நின்றால் செய்வினை. இஸ், வாஸ், வேர், பீன் மாதிரி ‘பி’ குடும்பத்து ஆள் ஒட்டி நின்றால்தான் பாஸிவ். ‘தி டோர் ஹாஸ் பீன் லாக்ட்’ என்று பீன் நுழைந்ததும் பூட்டியவன் மறைந்துபோகிறான் பாருங்கள்.

உங்கள் வாக்கியத்தின் முற்று ‘வேர் லெய்ட்’. அது பாஸிவ். ‘மேட்’ முன்னால் யாரும் இல்லை, அது டைல்ஸுக்கு அடைமொழி. ‘ஆத்தங்குடியில் செய்த கல் இங்கே பதிக்கப்பட்டது’ என்போம். ‘செய்த’ பெயரெச்சம், ‘பதிக்கப்பட்டது’ முற்று. பேச்சில் ‘செய்யப்பட்ட கல்’ என்று நாம் சொல்வதே இல்லை, அதனால்தான் இந்த இடத்தில் தடுமாறுகிறோம். சந்தேகம் வந்தால் ‘டைல்ஸ்’, ‘மேட்’ இரண்டுக்கும் நடுவில் ‘விச் வேர்’ போட்டுப் பாருங்கள், பொருந்தும்.

முற்றத்து வெயில்:
ஐயா, ‘தி ஹவுஸ் இஸ் லாக்ட்’ எப்படி? எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான் கிடக்கிறது.

தேவகோட்டை வாத்தியார்:
பூட்டிக் கிடக்கிறது என்றால் நிலை, ‘லாக்ட்’ அங்கே பெயரடை மாதிரி. ‘இஸ் லாக்ட் அட் நைன் எவ்ரி நைட்’ என்றால் தினமும் நடக்கும் செயல், பாஸிவ்.

ஆத்தங்குடிப் பொண்ணு:
எங்கள் அப்பா இந்தக் கல் போடுகிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார். கண்ணாடியில் பட்ட முகம்தான் பளபளக்கும். அட்டையில் ‘மேட் பை ஹேண்ட்’ என்று கட்டாயம் சேருங்கள் அண்ணே. ஒன்று மட்டும் கவனம்: அந்தப் ‘பை’ யார் செய்தார் என்று சொல்லவில்லை, எப்படி என்றுதான் சொல்கிறது.

கானாடுகாத்தான் தம்பி:
‘மேட் பை ஹேண்ட் இன் ஆத்தங்குடி’ என்று மாற்றி எழுதிவிட்டேன். நாளைக் காலையில் அட்டை கூடத்துக்குப் போகிறது.