பட்டன் போச்சு, டச் வந்துச்சு: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

கியர்மாத்தி:
வண்டி மாத்தி கொஞ்ச நாள் ஆச்சு. பழைய வண்டில ஏசிக்கு மூணு திருகு இருந்துச்சு, ரோட்ட பாத்துக்கிட்டே கைய நீட்டினா நடுவுல இருக்குறது ஃபேன், வலது பக்கம் இருக்குறது சூடு குளிர்னு விரலுக்கே தெரியும். இப்ப பெரிய ஸ்க்ரீன் ஒண்ணுதான். மழைல கண்ணாடி உள்பக்கம் ஆவி புடிச்சா முதல்ல மேப்ப ஒதுக்கி, கீழ ஃபேன் படத்த தொட்டு, அது ஒரு பக்கத்த தொறந்து காட்ட, அதுல ஓரமா இருக்குற கண்ணாடி படத்த தேடிப்புடிச்சு தொடணும். வண்டி குலுங்குற குலுக்குல விரல் பக்கத்துல பட்டு சீட்டு ஹீட்டர் ஆன் ஆகிருது. ரோடு தெரியல, முதுகு மட்டும் சுடுது. எனக்கு மட்டும்தான் இந்த எரிச்சலா இல்ல எல்லாருக்குமா? கார்னு இல்ல, அடுப்பு, லிஃப்ட், மெஷின் எதுவா இருந்தாலும் போடுங்க.

பொங்கிடுச்சு:
அடுப்புன்னு சொன்னீங்கல்ல, அதான் வந்துட்டேன். இண்டக்‌ஷன்ல பால் பொங்கி வழிஞ்சு பேனல் மேல வந்துச்சுன்னா கீ கீன்னு கத்த ஆரம்பிக்கும். கொறைக்கலாம்னு மைனஸ தொட்டா கேக்காது, ஈரமா இருக்குல்ல. ஆஃப தொட்டாலும் கேக்காது. துணிய எடுத்து தொடச்சா அந்த துணி எதையோ தொட்டு சைல்டு லாக் விழுந்துரும். அப்புறம் அந்த லாக்க எடுக்க பூட்டு படத்த விரல எடுக்காம அமுக்கிட்டே நிக்கணும், அதுவும் விரல் காஞ்சிருந்தாத்தான். வழிஞ்சா தானா அணையுதே நல்லதுதானேன்னு வீட்டுல சொல்றாங்க, நல்லதுதான், ஆனா நான் அணைக்கணும்னு நெனைக்கும்போது அணையணும்ல?

சர்க்யூட்டு:
@பொங்கிடுச்சு அக்கா, அது உங்க அடுப்போட கோளாறு இல்ல, அந்த டெக்னாலஜியே அப்படித்தான். கண்ணாடிக்கு அடில மின்சாரம் கடத்துற மெல்லிசான ஒரு லேயர் இருக்கும், நம்ம விரல் கிட்ட போனா அங்க இருக்குற மின்புலம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்ததான் அது "தொட்டுட்டாங்க"ன்னு எடுத்துக்குது. அமுக்குறது கணக்குலயே இல்ல. தண்ணியும் அதே மாற்றத்த பண்ணும், அதனால எது விரல் எது பால்னு அதுக்கு குழப்பம். தடி கிளவுஸ் போட்டா விரல் இருக்குறதே தெரியாது.

சரி, அப்புறம் ஏன் எல்லா கம்பெனியும் இதையே வைக்குறாங்கன்னா, ஸ்டைல்னு வெளில சொல்லிக்குவாங்க, உள்ள கணக்கு வேற. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு அச்சு, ஸ்ப்ரிங், வயரு, அது ஆயிரக்கணக்கான தடவ அமுக்கினாலும் தாங்குமான்னு ஒரு டெஸ்ட்டு. இன்னொன்னு, எந்த பட்டன் எங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணி பூட்டிரணும். ஸ்க்ரீன்னா அந்த முடிவ கடைசி வரைக்கும் தள்ளிப்போடலாம், வித்ததுக்கு அப்புறம்கூட அப்டேட்னு சொல்லி மாத்தலாம். அமெரிக்காவுல 2018 மே மாசத்துல இருந்து புது கார் எல்லாத்துலயும் பின்பக்க கேமரா கட்டாயம் ஆயிருச்சு, கேமரான்னா ஸ்க்ரீன் வேணும், ஸ்க்ரீன் வந்துருச்சுன்னா மத்ததயும் அதுக்குள்ளயே போட்டுரலாம்னு ஆயிருச்சு.

இது புது வியாதியும் இல்ல. 1986 ப்யூக் ரிவியேரா கார்லயே டச் ஸ்க்ரீன் வச்சாங்க, அதுவும் அந்தக்கால டிவி மாதிரி பிக்சர் ட்யூப் ஸ்க்ரீன். ஜனங்க திட்டின திட்டுல கொஞ்ச வருசத்துலயே பட்டனுக்கு திரும்பிட்டாங்க. மறந்துட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க, அவ்ளோதான்.

கியர்மாத்தி:
1986லயா?? யாருமே சொல்லல பாருங்க.

விரல்நுனி:
நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன், ஸ்க்ரீன்ல இருக்குறத வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் வச்சுத்தான் இத அடிக்கிறேன். நீங்க எல்லாரும் எரிச்சல்னு சொல்றீங்க, எனக்கு அது கதவ சாத்துற மாதிரி. எங்க வீட்டு பழைய வாஷிங் மெஷின்ல ஒரு திருகு, ரெண்டு பட்டன். எத்தன கிளிக் திருப்பினா எந்த வாஷுன்னு மனப்பாடம். புதுசுல பளபளன்னு கண்ணாடி, தடவிப் பாத்தா ஒரு மேடு பள்ளம் கிடையாது. சரின்னு புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுனோம், எந்த எடத்துல எதுன்னு தெரிஞ்சுக்க. என்ன ஆச்சுன்னா ஸ்டிக்கர தேடி விரல ஓட்டும்போதே வழில இருக்குற எல்லாம் ஆன் ஆகுது. இதத்தான் கண்ணு தெரியிறவங்களுக்கு புரிய வைக்க முடியல. பட்டன்ல தடவிப் பாக்குறது வேற, அமுக்குறது வேற. முதல்ல தடவி, இதுதான்னு உறுதி ஆனதுக்கு அப்புறம் அமுக்குவோம். டச்சுல தடவுனாலே அமுக்குன மாதிரி. பழைய ஃபோன்ல 5 மேல சின்னதா ஒரு புள்ளி இருக்கும், கம்ப்யூட்டர் கீபோர்டுல எஃப் ஜே மேல ஒரு கோடு இருக்கும், அந்த ஒண்ண புடிச்சா மீதி எல்லாம் எங்கன்னு தெரிஞ்சிரும். யாரோ யோசிச்சு வச்சது அது.

இதவிட பெரிய கொடும கார்டு மெஷின். நம்பர் பேட் இருந்த வரைக்கும் பின் நம்பர நானே போட்டுருவேன். இப்ப சில எடத்துல வெறும் கண்ணாடி மெஷின நீட்டுறாங்க. கூட வந்தவங்ககிட்ட சொல்லி போடச் சொல்லணும், தனியா போனா கவுண்டர்ல இருக்குறவர்கிட்டயே சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல இருந்து மெசேஜ் வருது, அது பாட்டுக்கு வருது.

பொங்கிடுச்சு:
@விரல்நுனி தம்பி, நான் பாலுக்கு அழுதுட்டு இருந்தேன். அந்த தடவுறது அமுக்குறது விஷயம் இப்பத்தான் மண்டைல ஏறுது.

எதிர்க்கட்சி:
எல்லாரும் ஒரே பக்கம் போறீங்க, நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், அடிக்க வராதீங்க. பட்டன் ஃபோன்ல தமிழ் அடிச்சிருக்கீங்களா? ஒரு எழுத்துக்கு ஒரே பட்டன திரும்பத் திரும்ப அமுக்கி, ஒண்ணு தாண்டிப் போயிட்டா மறுபடி சுத்தி வரணும். அதுல மெசேஜ் அனுப்புறதுக்கு நேர்லயே போயிட்டு வந்துரலாம். அதனாலதான் பாதி பேரு இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சு பழகுனோம். டச் கீபோர்டு வந்ததுக்கு அப்புறம்தான் தமிழ்99ங்கிற தமிழ் கீபோர்டு வேணும்னா அது, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாத்துற ஒலிபெயர்ப்பு வேணும்னா அது, எழுத்து எல்லாம் கண் முன்னாடி. எங்க அம்மா டைப்ரைட்டர தொட்டதே இல்ல, இப்ப பத்தி பத்தியா வாட்ஸப்புல எழுதுறாங்க (கொஞ்சம் ஓவராவே எழுதுறாங்க). பிளாஸ்டிக்ல எழுத்த அச்சடிச்சு வித்த காலத்துல நம்ம மொழிக்கு பெருசா எடம் குடுக்கல. அத மறந்துட்டு பட்டன் தெய்வம்னு சொன்னா எப்படி?

விரல்நுனி:
நியாயமான பேச்சு தோழர். நானும் டச்சே வேணாம்னு சொல்ல வரல. 2009-ல ஐஃபோன்ல வாய்ஸ்ஓவர் வந்துச்சு, விரல் எங்க இருக்கோ அத வாசிச்சுக் காட்டும், ரெண்டு தட்டு தட்டினாத்தான் எடுத்துக்கும். பாருங்க, தடவுறதையும் அமுக்குறதையும் திருப்பி பிரிச்சுட்டாங்க! அதனால ஃபோனு எனக்கு பிரச்சனையே இல்ல. வாஷிங் மெஷினுக்கு வாய் இல்லையே.

நைட்டூட்டி:
நான் ஐசியூ நர்ஸ். எங்க வார்டுல சில மானிட்டர் ஃபுல் டச், சிலது ஓரத்துல பட்டன் வச்சது. ஒண்ணு ஒத்துக்கணும், கண்ணாடிய ஸ்ப்ரே போட்டு தொடைக்க சுலபம், பட்டன் இடுக்குல அழுக்கு அடையும், எங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனா அலாரம் அடிக்கும்போது கை பேஷண்ட் மேல இருக்கும், கிளவுஸ்ல ஜெல்லோ வேற எதுவோ ஒட்டியிருக்கும், அப்ப ஸ்க்ரீன தொட்டா எடுக்காது, ஓரத்துல பட்டன் இருக்குறதுன்னா திரும்பிப் பாக்காமலே முழங்கையால ஒரு அமுக்கு. அமுங்குனது கைக்கே தெரியும். ஷிஃப்ட்ல எந்த பெட்டு கேப்பீங்கன்னா பட்டன் மானிட்டர் இருக்குற பெட்டுதான், வெளிய சொல்ல மாட்டோம்.

டெக்காஃபீசர்:
மெர்ச்சன்ட் ஷிப்புல இருக்கேன். எங்க ஆளுங்க நடுவுல இந்த பேச்சு வந்தா கடைசில ஜான் மெக்கெய்ன் கப்பல்லதான் வந்து நிக்கும். தெரியாதவங்களுக்காக: 2017 ஆகஸ்ட் 21, அமெரிக்க கடற்படை கப்பல், சிங்கப்பூர் ஜலசந்திக்கு பக்கத்துல ஆல்னிக்னு ஒரு டேங்கர் மேல மோதி 10 மாலுமிங்க செத்துப் போனாங்க. அந்த கப்பல்ல ஸ்டியரிங், வேகத்த கூட்டிக் கொறைக்குற த்ராட்டில் எல்லாம் டச் ஸ்க்ரீன். ஒருத்தர் கண்ட்ரோல இன்னொரு ஸ்க்ரீனுக்கு மாத்தும்போது ரெண்டு ப்ரொப்பெல்லரும் சேந்து வேகம் கொறைய வேண்டியது, ஒண்ணு மட்டும் கொறைஞ்சிருக்கு, கப்பல் ஒரு பக்கமா திரும்பிருச்சு, பிரிட்ஜுல, அதாவது கப்பல ஓட்டுற அறைல இருந்தவங்க ஸ்டியரிங் போச்சுன்னு நெனைச்சுட்டாங்க. லீவர் இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு எட்டி நின்னு பாத்தாலே தெரியும். விசாரணைல பயிற்சி பத்தல, அசதின்னு வேற காரணமும் சொன்னாங்க, எல்லாப் பழியையும் ஸ்க்ரீன் மேல போட முடியாது. ஆனா 2019-ல அந்த வகை கப்பல்களுக்கு கையால தள்ளுற த்ராட்டிலே திருப்பி வைக்கப் போறோம்னு கடற்படையே சொல்லிருச்சு. கப்பல்ல வேல செய்றவங்க கேட்டதும் அதத்தான்.

கியர்மாத்தி:
@டெக்காஃபீசர் சார், படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. இத ஆரம்பிக்கும்போது இவ்ளோ தூரம் போகும்னு நெனைக்கல.

சர்க்யூட்டு:
கார் பக்கம் காத்து மாறுது ப்ரோ. ஸ்வீடன்ல வி பிலாகரேன்னு ஒரு கார் பத்திரிகை, 2022-ல மணிக்கு 110 கிமீ வேகத்துல வண்டிய ஓட்டவிட்டு சீட் ஹீட்டர், ரேடியோ மாதிரி நாலு வேலைய செய்யச் சொல்லி நேரம் எடுத்தாங்க. பட்டன் வச்ச 2005 வால்வோ வி70ல 10 செகண்டு, அதுக்குள்ள வண்டி போனது 306 மீட்டர். கடைசியா வந்த டச் வண்டிக்கு 44.9 செகண்டு, 1,372 மீட்டர். அதாவது ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு மேல பாதி கவனத்தோட போயிருக்கு. டிரைவருங்களுக்கு முன்னாடியே வண்டிய பழக நேரமும் குடுத்திருந்தாங்க.

ஐரோப்பாவுல கார் பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்குற யூரோ என்கேப்போட 2026 விதில இண்டிகேட்டர், ஹசார்டு லைட்டு, ஹாரன், வைப்பர், அவசர உதவிக்கு கூப்பிடுற எஸ்ஓஎஸ் இதுக்கெல்லாம் தனி கண்ட்ரோல் இல்லைன்னா மார்க்கு போயிரும். சட்டம் இல்ல, ஆனா அஞ்சு ஸ்டார் இல்லாம வண்டிய விக்க எந்த கம்பெனிக்கும் மனசு வராது. ஃபோக்ஸ்வாகனும் வால்யூம், சூடு, ஃபேன், ஹசார்டுக்கு பட்டன் திரும்ப வருதுன்னு 2025-ல சொல்லிட்டாங்க. லேப்டாப்ல பாருங்க, மேக்புக் ப்ரோல 2016-ல எஸ்கேப் பட்டனையே தூக்கிட்டு கீபோர்டு மேல டச் பார்னு நீளமா ஒரு தொடுற ஸ்க்ரீன் வச்சாங்க, 2019-ல எஸ்கேப் திரும்பி வந்துச்சு, 2023-ல அந்த பாரே முழுசா போயிருச்சு.

எதிர்க்கட்சி:
அப்ப பட்டன்தான் இனிமே பிரீமியம்னு சொல்லி கூட காசு வாங்குவாங்க, எழுதி வச்சுக்குங்க.

பதினோராவதுமாடி:
எங்க ஆபீஸ் லிஃப்ட்ல பட்டனுக்கு பதிலா தொடுற பேனல். கூட்டத்துல யாராவது சாஞ்சா போதும், எல்லா மாடிலயும் நின்னு நின்னு போகும். எனக்கு வேற ஒண்ணும் சொல்ல இல்ல.

ஜடைக்காரி:
டச் இயர்போன் யாரும் சொல்லலயா? முடிய காதுக்கு பின்னாடி ஒதுக்கினா பாட்டு நிக்குது, காது கம்மல் பட்டா அடுத்த பாட்டு போகுது, ஒரு தடவ பஸ்ல தூங்கி ஜன்னல்ல சாஞ்சதுல எங்க மேனேஜருக்கு கால் போயிருச்சு, அவரு எடுத்து ஹலோ ஹலோன்னு கத்திட்டு இருக்காரு.

சர்க்யூட்டு:
@ஜடைக்காரி ஆப்ல செட்டிங்ஸ் போய் டச் கண்ட்ரோல ஆஃப் பண்ணிருங்க.

ஜடைக்காரி:
பண்ணிட்டேன் அண்ணா. இப்ப மேனேஜர் கூப்டா எடுக்க முடியல. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.