ஏற்காட்டில் இயக்க நரம்பணு நோயாளிக்கு வீட்டுப் பராமரிப்பு: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காப்பித் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடித்துப் பழகிய என் அப்பாவின் வலக்கையில் கட்டைவிரலடிச் சதை வற்றி, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் போனபோது, கழுத்தெலும்புத் தேய்மானம் என்றே எட்டு மாதம் சிகிச்சை அளித்தார்கள். நாக்கில் புழு நெளிவது போன்ற துடிப்பைக் கண்ட பிறகுதான் தசைகளின் மின்செயல்பாட்டை அளக்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனை செய்து, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் இயக்க நரம்பணு நோயின் ஒரு வகையான ஏ.எல்.எஸ். என்று உறுதிசெய்தார்கள். ரிலுசோல் 50 மில்லிகிராம் மாத்திரை இருவேளை கொடுக்கிறோம். அது நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்குமே தவிர, குணப்படுத்தாது.

இப்போது தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதால் இரவில் முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுவிட உதவும் பைபாப் கருவி தேவைப்படுகிறது. மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே என் பெருங்கவலை. சேலத்தில் பேட்டரியுடன் அக்கருவியை வாடகைக்குத் தருபவர்களையும், விழுங்கும் பயிற்சி அளிக்க வீட்டுக்கே வரும் பேச்சுப் பயிற்சியாளரையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். உடல் எடை குறைவதற்கு முன்பே வயிற்றில் நேரடியாக உணவு செலுத்தும் குழாயைப் பொருத்திக்கொண்டவர்களின் அனுபவத்தை அப்பாவும் கேட்க விரும்புகிறார்.